மாடிப் போர்ஷன் பிடில்காரர்

முதலில் காரைதான் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டுக்காரர் மொச்சைக்கொட்டைக் குழம்பை ஒரு பிடி பிடித்துவிட்டு, ஃபேனுக்கு நேர் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தார். மாடியில் பிடில் சத்தம் கேட்டது. அதோடு சேர்ந்து தொம், தொம் என்று இன்னொரு சத்தம், யாரோ உரலில் எதையோ இடிப்பது போல. கூரையிலிருந்து ஒரு வில்லைக் காரை பெயர்ந்து அவர் வயிற்றின் மேல் விழுந்தது.

எழுந்து உட்கார்ந்து வயிற்றைத் தட்டிவிட்டுக்கொண்டார். "இன்னாடி இது, மேல மாவு மில்லு வெச்சிட்டாங்களா?" என்றார்.

திருவண்ணாமலை தனி மாவட்டமான எண்பத்தொன்பதில்தான் நான் வேலூரிலிருந்து இந்த ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு ஆப்பரேட்டராக மாற்றலாகி வந்தேன். என் வீட்டுக்காரருக்குச் சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். பக்கத்திலேயே வந்துவிட்டோம் என்று அவருக்கு ஏக சந்தோஷம். திருவூடல் தெருப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை போட்டார். கிணற்றில் ஓடும் பம்ப்செட் மோட்டார் புகைந்து போனால் சுற்றுப்பட்டு விவசாயிகள் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைக் கொஞ்சம் தாண்டி ஒரு சந்தில் வீடு. கீழே நாங்களும் பள்ளிக்கூடம் போகிற எங்கள் பெண்ணும். மாடிப் போர்ஷனை ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு விடுவோம்.

இது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு டிசம்பர். அந்த முறை வந்திருந்தவர்கள் டென்மார்க்கிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி. இரண்டு பேருக்கும் அறுபது தாண்டியிருக்கும். அவர் ஏதோ ஒரு சின்னத் தீவில் தபால்காரராக இருந்து ரிடையர் ஆனவர். அந்த அம்மா பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தவர். ஆசிரமத்துக்கு வர வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. விடியற்காலை போனால் கண்ணை மூடி உட்கார்ந்து, வெயில் ஏறிய பிறகுதான் திரும்புவார். தபால்காரர் கேட் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, வழியில் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடுவார்.

வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடியேறினார். சண்டை போடத்தான் போகிறார் என்று நினைத்தேன். வெகுநேரம் ஆளையே காணோம். பிடில் நிற்கவில்லை. தொம் தொம்மும் நிற்கவில்லை. சொல்லப்போனால் இப்போது இரண்டு தொம் கேட்டது.

மேலே போய்ப் பார்த்தேன். அந்தத் தபால்காரர் ஜன்னலோரம் நின்றுகொண்டு, கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். பிடிலைத் தாடைக்குக் கீழே கொடுத்து, வில்லைக் குட்டை குட்டையாக இழுத்து, காலால் தரையைப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார். காலில் மரக்கட்டை அடி வைத்த செருப்பு. எதிரே பிளாஸ்டிக் சேரில் என் வீட்டுக்காரர். அவரும் வெறுங்காலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"சண்டை போடத்தான் வந்தேன். பாட்டு முடியட்டும்னு பாத்தா, முடியவே மாட்டேங்குது" என்றார் என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்போடு.

காரை விஷயத்தை நான்தான் தபால்காரரிடம் இங்கிலீஷில் சொன்னேன். டிரங்க் கால் போட்டுப் போட்டு எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் பழக்கம். அவருடைய இங்கிலீஷும் என்னுடையதைப் போலத்தான், அடித்துப் பிடித்து ஓடும். பதறிப்போய்ச் செருப்பைக் கழற்றினார். ஆனால் வெறுங்காலோடு பத்து நிமிஷம்கூட வாசிக்க முடியவில்லை. "எங்க பாட்டு கால்லேர்ந்துதான் ஆரம்பிக்குது. இது கேக்கறதுக்கான பாட்டு இல்ல, ஆடறதுக்கானது. கால் நின்னுட்டா கையும் நின்னுடும்" என்றார்.

என் வீட்டுக்காரர் கீழே இறங்கிப் போய், கடையில் ஸ்விட்ச் போர்டுக்கு முன்னால் போடும் தடித்த ரப்பர் ஷீட் ஒன்றை டி.வி.எஸ். வண்டியில் வைத்து எடுத்து வந்தார். அதைச் செருப்புக்கு அடியில் போட்டதும் சத்தம் அடங்கியது. மதியத் தூக்கமும் திரும்பக் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் அன்றிலிருந்து அவர் ஞாயிற்றுக்கிழமை தூங்கியதே இல்லை. மாடிக்குப் போய்விடுவார்.

எனக்கும் பிடில் தெரியும். வேலூரில் பாட்டு வாத்தியாரிடம் வர்ணம், நாலைந்து கீர்த்தனை வரைக்கும் வந்திருந்தேன். வெள்ளிக்கிழமை பஜனைக்கு வாசிப்பேன். வயலின் என்று சொன்னால்தான் மரியாதை என்று நினைக்கிற ஆள் நான். ஆனால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் அது பிடில்தான். அதைக் கேட்டதும் தபால்காரருக்கு ஒரே குஷி. "இங்கிலீஷ்காரங்களும் எங்க மாதிரி ஆளுங்க வாசிக்கிறதை ஃபிடில்னுதான் சொல்வாங்க. கோட்டு போட்டவன் வாசிச்சா வயலின், மண்ணு ஒட்டின பூட்ஸோட வாசிச்சா ஃபிடில்" என்றார்.

ஒருநாள் என் வாத்தியத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிடிலின் தலைப்பாகத்தைக் கால்மேல் சாய்த்துக்கொண்டேன். அவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். பிடிலைத் தூங்க வைக்கிறீர்களா என்று கேட்டார்.

அவர் வாசித்த பாட்டெல்லாம் என் காதுக்குச் சங்கராபரணமாகத்தான் விழுந்தது. எங்கள் கச்சேரிகளில் கடைசியில் இங்கிலீஷ் நோட்டு என்று துள்ளலாக ஒன்று வாசிப்பார்கள், அந்தச் சாயல். இது ரொம்பச் சுலபம் என்று நினைத்துச் சேர்ந்து வாசித்தேன். இரண்டு வரிக்குள் அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பாவம், அடக்கத்தான் பார்த்தார். எனக்கு முதலில் காரணம் புரியவில்லை. அவர் பாட்டில் காந்தாரம் காந்தாரமாகச் சும்மா நிற்க வேண்டும். என் விரலுக்குச் சும்மா நிற்கத் தெரியாது. எந்த ஸ்வரத்தைத் தொட்டாலும் ஒரு அசைவு, ஒரு வழுக்கல். குதித்துக் குதித்துப் போக வேண்டிய பாட்டு என் கையில் கள்ளுக்கடையிலிருந்து வருகிறவன் மாதிரி தள்ளாடியது.

"உங்க ஸ்வரமெல்லாம் நடந்துகிட்டே இருக்கு. கொஞ்சம் நிக்க வைங்க" என்றார்.

"உங்களுது எல்லாம் கம்பம் மாதிரி நிக்குது. கொஞ்சம் நடக்க விடுங்க" என்றேன்.

பிறகு நான் வாசித்த சாவேரி ராகத்தை அவர் வாசிக்கப் பார்த்தார். அதைக் கேட்டு நான் சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கணக்கு நேராகிவிட்டது. அந்தப் பனிக்காலம் முழுக்க, மாலை ஷிஃப்ட் இல்லாத நாட்களில் இரண்டு பேரும் சேர்ந்து வாசித்தோம். விரலை நிற்க வைக்க நான் பட்ட பாடு, சின்ன வயதில் ஸ்வரத்தை அசைக்கிற கமகம் பிடிக்கப் பட்டதைவிட ஜாஸ்தி.

அந்த மெட்டுகள் அவருடையவை இல்லை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் நாட்டுக் கிராமங்களில் கருமானும் மாவு மில்காரனும் விவசாயியும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி வைத்துக்கொண்டவை. கல்யாணத்துக்கு, அறுப்புக்கு, பண்ணை வீட்டு விருந்துக்கு வாசிப்பார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் சர்ச்சுக்கு நடக்க ஒரு மெட்டு. பந்தியில் சூப்பு வரும்போது ஒரு மெட்டு, கறி வரும்போது இன்னொன்று. "அப்ப ரசத்துக்கு மேளம் வாசிக்கிற மாதிரி" என்று வீட்டுக்காரர் ரசித்துச் சொன்னார். பாதி மெட்டுக்குப் பெயரே கிடையாது, வெறும் நம்பர்தான். அதுதான் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"இவ்ளோ நல்ல பாட்டு, அதுக்குப் பேரு வெக்கலியா? பாவம்ங்க" என்று அவரே பெயர் வைத்தார். ஒன்றுக்குச் செங்கம் ரோடு. ஒன்றுக்கு மாட்டுச் சந்தை. மெதுவாக ஆரம்பித்து மூச்சிரைக்க ஓடுகிற ஒன்றுக்குக் கீழ்பென்னாத்தூர் கடைசி பஸ். அவர் சொல்லச் சொல்ல அந்தத் தபால்காரர் தன் ஜெராக்ஸ் தாள்களில் நம்பருக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டார்.

வம்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு தியானத்துக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள். ஒருநாள் அவர்களில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டி, பிடில் சத்தத்தால் மனசு ஒருநிலைப்படவில்லை என்றார்கள். எனக்கு ஆச்சரியம். மார்கழி மாசம், விடியற்காலையில் தெருமுனைக் கோயிலில் குழாய் ஸ்பீக்கர் ஊரையே தூக்கிக்கொண்டிருந்தது. அதை ஒன்றும் சொல்லவில்லை. "அது உங்க ஊர் சத்தம், அது பரவாயில்லை. இது எங்க ஊர் சத்தம்" என்றார் அவர்களில் ஒரு அம்மா. அதில் ஒரு நியாயம் இருப்பதாக எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

தபால்காரர் முகம் வாடிப்போனது. வீட்டுக்காரர்தான் வழி சொன்னார். "நம்ம கடைக்கு வாங்க சார். அங்க சத்தம் போட்டாதான் வேலை நடக்குதுன்னு அர்த்தம்."

மறுநாளிலிருந்து தினமும் தபால்காரர் டி.வி.எஸ். பின்சீட்டில் பிடில் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கால் இரண்டும் தரையில் உரசாமல் தூக்கி வைத்துக்கொண்டு கடைக்குப் போனார். கருகின செப்புக் கம்பி, வார்னிஷ் வாடை, பிரித்துப் போட்ட மோட்டார்களுக்கு நடுவே நின்று வாசித்தார். பெரிய ஆள், சிவந்த மூக்கு. தெருவில் கூட்டம் கூடியது, கொஞ்ச நாளில் பழகிப்போய்க் கலைந்தும்விட்டது.

கடையில் வாசிப்பு மட்டும்தான் நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் வீட்டுக்காரர் சாப்பாட்டுக் கேரியரை மறந்துவிட்டுப் போக, நானே கொண்டுபோனேன். உள்ளே பார்த்தால், என் வீட்டுக்காரரும் தோளில் துண்டு போட்ட கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, தரையில் கிடந்த பம்ப்செட்டைச் சுற்றி கிறுகிறு என்று சுழன்றுகொண்டிருந்தார்கள். தபால்காரர் வாசித்துக்கொண்டே, "இடது, இடது" என்று கத்திக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் வீட்டுக்காரர் சட்டென்று நின்றார். விவசாயி நிற்கவில்லை. சுழன்ற வேகத்தில் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டு, "மோட்டாரு ரெடியாவற வரைக்கும் சும்மா குந்திகினு இருக்கணுமா தங்கச்சி?" என்றார்.

அது டென்மார்க் ஆட்டம். ஜோடி ஜோடியாகப் பிடித்துக்கொண்டு, தன்னைத்தானே சுற்றிக்கொண்டே மண்டபத்தையும் சுற்றி வர வேண்டும். பூமி சூரியனைச் சுற்றுவதைப் போல. வீட்டுக்காரர் கனத்த சரீரம், நடந்தால் அதிரும். ஆனால் அந்த ஆட்டத்தில் அவர் உடம்பு அத்தனை லேசாகப் போனதைக் கண்ணால் பார்த்தேன். கேரியரைக் கையில் கொடுத்தபோது மெல்லச் சொன்னார்: "இது ரெண்டு பேரும் சேர்ந்து ஆடறது. நீயும் ஒரு தபா வாயேன்."

"நல்லாயிருக்கு. தெருவே பாக்குது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

எக்ஸ்சேஞ்சில் இந்தக் கதையைச் சொன்னதுதான் அடுத்ததற்கெல்லாம் ஆரம்பம். எங்கள் ரிக்ரியேஷன் கிளப்புக்கு வருஷா வருஷம் பிப்ரவரியில் விழா உண்டு. லேடீஸ் சார்பாக எப்போதும் கோலாட்டம்தான். அதே கேசட், அதே குச்சி. சீனியர் ஆப்பரேட்டர் அக்கா ஒருத்தர் இருந்தார். தலைமுறை தலைமுறையாக இந்த ஊரில் வளையல் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பம். அவர் ஒரு முடிவு எடுத்தால் எங்களில் யாரும் மறுபேச்சு பேசுவதில்லை. "இந்த வருஷம் கோலாட்டம் வேணாம். உங்க மாடிப் போர்ஷன் டான்ஸ்தான்" என்றார்.

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பிராக்டிஸ். பகல் ஷிஃப்ட் முடிந்து என்னோடு சேர்த்து எட்டு பெண்கள் கூடிவிடுவோம். சாயங்கால வேளை என்பதால் தியானக்காரர்களும் ஒன்றும் சொல்லவில்லை. முதல் நாள் தபால்காரர் ஜோடி பிரித்து, ஒருத்தர் இடுப்பில் ஒருத்தர் கை போடச் சொன்னார். போட்டதும் கூச்சம் தாங்காமல் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். மீதிப் பேருக்குப் புடவைக் கொசுவம் அவிழ்ந்துவிடும் என்று பயம். அவர் என்ன சொல்லியும் கூடி வரவில்லை. கடைசியில் சீனியர் அக்கா பார்த்துவிட்டு, "அடியே, இது தட்டாமாலைடி! சின்னப் புள்ளையில சுத்துனதில்ல?" என்றார். கையைக் குறுக்காகக் கோத்துக்கொண்டு என்னை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். அவ்வளவுதான். இடுப்பை விட்டுவிட்டுக் கையைக் கோத்தார்கள். எட்டு பேருக்கும் ஏற்கெனவே தெரிந்த ஆட்டமாக ஆகிவிட்டது.

நான் வாசிக்கப் போய்விட்டதால் என் இடத்துக்கு எங்கள் பெண் வந்தாள். அடுத்த தகராறு சுற்றும் திசையில். டென்மார்க்கில் எல்லோரும் மண்டபத்தை இடமாகச் சுற்றுவார்களாம். பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிற ஒரு பெண் ஆட்டத்தை நிறுத்திவிட்டாள்.

"எதிரே மலை நிக்குது. அதைப் பாத்துகினு அப்பிரதட்சணமா சுத்தறதா? நான் மாட்டேன்மா."

தபால்காரருக்கு அதை விளக்கிச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மலையைத் திரும்பிப் பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டார். "மெட்டுக்கு எந்தப் பக்கம் போனாலும் ஒண்ணுதான்" என்றார். ஆனால் வலமாக ஆடிக்காட்டப் போனபோது, ஆயுசு பூராவும் இடமாகவே பழகிய காலுக்குத் திசை பிடிபடவில்லை. தண்ணீர்த் தொட்டியில் போய் இடித்துக்கொண்டார். அப்புறம் எங்கள் பெண்கள்தான் அவருக்கு வலமாகச் சுற்றக் கற்றுக்கொடுத்தார்கள்.

கிளப் செகரெட்டரியாக இருந்த சூபரின்டெண்டண்ட் காதுக்கு விஷயம் போய், எங்களைக் கூப்பிட்டு விட்டார். "என்னம்மா, வெள்ளைக்கார டான்ஸாமே? ரெக்கார்ட் டான்ஸ் எல்லாம் நம்ம ஆபீஸ்ல கூடாது."

"ரெக்கார்டே கிடையாது சார். நேர்லயே வாசிக்கிறோம்" என்றார் சீனியர் அக்கா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். சூபரின்டெண்டண்ட் கையிலிருந்த ஃபைலை மூடினார். சரி என்றுவிட்டார்.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில். மேடை சின்னது என்று நாற்காலிகளை ஓரமாகத் தள்ளி, நடுக்கூடத்தில் ஆட இடம் விட்டார்கள். முதல் வரிசையில் டென்மார்க் அம்மா, பக்கத்தில் என் வீட்டுக்காரர். மேடையில் நானும் தபால்காரரும். நான் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, அவர் நின்று. காலடியில் ரப்பர் ஷீட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மரப்பலகை மேடை, அது பாட்டுக்கு அதிரட்டும் என்றார்.

கீழ்பென்னாத்தூர் கடைசி பஸ்ஸைத்தான் எடுத்தோம். ஜரிகைப் புடவையில் நாலு ஜோடி கிளம்பியது. முதல் சுற்றிலேயே மண்டபம் கை தட்டியது. கைகோத்த ஜோடிகள் சுழல, முந்தானைகள் விரிய, கூட்டத்தில் விசில்கூடப் பறந்தது. சூபரின்டெண்டண்ட் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்த ஆட்டத்தை எப்படி முடிப்பது என்று நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. பிராக்டிஸில் எல்லாம், கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் பெண் ஒருத்தி "ஐயோ, பஸ் போயிடும்" என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள், ஆட்டம் நின்றுவிடும். அதுதான் முடிவு.

மெட்டு திரும்பத் திரும்ப வந்தது. வாசித்துக்கொண்டே தபால்காரர் பக்கம் சாய்ந்து, "எப்ப நிறுத்தறது?" என்றேன்.

"அவங்க களைச்சுப்போனதும். ஆடறவங்களைப் பாத்துதான் பிடில்காரன் நிறுத்துவான்."

எங்கள் பெண்களோ பாட்டு நிற்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். வாசிப்பு நிற்பதற்கு முன்னால் நிற்பது கௌரவக் குறைச்சல். எதிரே புருஷன், பிள்ளை, மாமனார், மாமியார் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். மூச்சு வாங்க வாங்க இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவர், யாரும் களைக்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் வேகமாக வாசித்தார். அதற்கு ஈடு கொடுத்து அவர்கள் இன்னும் வேகமாகச் சுற்றினார்கள். சீனியர் அக்கா என்னைக் கடக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, "நிறுத்துடி!" என்றார். அடுத்த சுற்றில், "செத்துடுவேன்டி!" என்றார். மல்லிகைச் சரம் ஒன்று பறந்து மைக் ஸ்டாண்டில் தொங்கியது.

நான் நிறுத்தினால் மட்டும் போதாது. அவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போவார். என்ன செய்வது என்று யோசிக்கவெல்லாம் நேரம் இல்லை, கை தானாகச் செய்தது. மெட்டின் கடைசி வாக்கியத்தைப் பிடித்து, அழுத்தமாக ஒரு தரம் வாசித்தேன். அதையே இன்னொரு தரம். எங்கள் தீர்மானம் அது, எதையும் மூன்று தரம் சொல்லி முடிப்பது. இந்த ஊர்க்காரர்கள் சாமி புறப்பாட்டில் தவிலையும் நாதஸ்வரத்தையும் கேட்டே வளர்ந்தவர்கள். இரண்டாவது தரத்திலேயே கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. மூன்றாவதற்கு மொத்த மண்டபமும் சேர்ந்து கை தட்டியது. கணக்கு கொஞ்சம் கோணல்தான். ஆனாலும் அந்தக் கடைசித் தட்டில் நாலு ஜோடியும் வெட்டினாற்போல் நின்றது. தபால்காரர் மட்டும் தனியாக இன்னும் இரண்டு வில் இழுத்துவிட்டு, நாலு பக்கமும் பார்த்து விழித்தார். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து அவர் சிரித்த சிரிப்பு மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

பெண்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அதையும் ஆட்டத்தின் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் மறுபடி கை தட்டியது.

அவர்கள் ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும். சாயங்காலம் மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். டென்மார்க் அம்மா படியேறி வந்தார். அதிகம் பேசாதவர். வந்தால் மலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு நேராக என்னிடம் வந்தார்.

"நீங்க அந்தப் பாட்டைத் தனியா வாசிப்பீங்களா? அவர் இல்லாம?"

"வாசிப்பேனே. ஏன் மேடம்?"

கொடியிலிருந்து ஒரு துணியை எடுத்து மடித்தார். பிறகு சொன்னார். "நான் பிடில்காரனைக் கட்டிக்கிட்டவ. எங்க தீவில ஆட்டம்னா அவர்தான் வாசிக்கணும். வேற ஆள் கிடையாது. ஊரே ஜோடி போட்டு ஆடும், நான் சுவரோரமா பெஞ்சில உட்கார்ந்திருப்பேன். மத்தவங்க கூப்பிடுவாங்க, ஒண்ணு ரெண்டு ஆடுவேன். ஆனா அவரோட ஆடினதில்ல. எங்க கல்யாணத்தன்னிக்குக்கூட அவரேதான் வாசிச்சார்." சிரித்தார். "ஆசிரமத்துல எல்லாரும் கேக்கறாங்க, இவ்வளவு நேரம் அசையாம உட்கார எங்க கத்துக்கிட்டீங்கன்னு. நான் இன்னும் பதில் சொல்லலை."

துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டுக் கீழே ஓடி என் வாத்தியத்தை எடுத்து வந்தேன். வீட்டுக்காரர் கடையிலிருந்து அப்போதுதான் தபால்காரரோடு வந்து இறங்கினார். இரண்டு பேரையும் மேலே வரச் சொன்னேன். அந்த அம்மா தன் புருஷனிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அவர் என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த பிடிலைப் பார்த்தார். தன்னுடைய பெட்டியை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். ஒரு நிமிஷம் வெறும் கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். அப்புறம் கையை நீட்டினார்.

தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து வாசித்தேன். அவர் சொன்ன மாதிரியே ஸ்வரங்களை நிற்க வைத்து வாசித்தேன். ஒன்றிரண்டு நடந்துவிட்டது, அதை என்னால் தடுக்க முடியவில்லை. அந்த இரண்டு பேரும் முதலில் மெதுவாகச் சுற்றினார்கள். அந்த அம்மா நன்றாக ஆடினார். தடுமாறினது தபால்காரர்தான். ஆட்டத்துக்கு இத்தனை காலம் வாசித்தவருக்குப் பெண்டாட்டியோடு ஆடத் தெரியவில்லை, அந்த அம்மாவின் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த அம்மா சத்தமாகச் சிரித்து நான் அன்றுதான் கேட்டேன். மலைமேல் வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. வாசிப்பை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை, அவர்களே நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெகுநேரம் கழித்துத்தான் நின்றார்கள். இரண்டு பேர் முகமும் சிவந்து போயிருந்தது. தபால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் பெட்டியை வாங்கி, பிடிலை எடுத்துத் தாடையில் கொடுத்தார். என்னைப் பார்த்து, "இப்ப நீங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் எதிரே வந்தார். கடை வேஷத்தில், வார்னிஷ் கறை படிந்த கையோடு நின்றார். துடைத்தாலும் போகாத கறை. சட்டையில் துடைத்துவிட்டுத்தான் நீட்டினார்.

எனக்கு முப்பத்தைந்து வயசுக்கு மேல் ஆகியிருந்தது. பெண் வயசுக்கு வரப்போகிறாள். கல்யாணத்தில் அக்கினியைச் சுற்றக் கையைப் பிடித்ததோடு சரி, அதற்கப்புறம் நாலு பேர் பார்க்க அவர் கையை நான் பிடித்ததே கிடையாது. நான் என் வாத்தியத்தைத் தொட்டிமேல் பத்திரமாக வைத்துவிட்டு எழுந்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

"பக்கத்து மாடியில பாக்கறாங்க" என்றேன்.

"பாக்கட்டும். கையைக் குறுக்கா போடு. வலப்பக்கம்" என்றார்.

வெறும் காலில் சிமெண்டுத் தரை இன்னும் சூடாக இருந்தது. இரண்டு சுற்றில் எனக்குத் தலை சுற்றியது, அதன் பிறகு சுற்றவில்லை. அவ்வளவு பெரிய மனுஷன் என்னைப் பஞ்சு மாதிரி திருப்பிக்கொண்டு போனார். அவருடைய மூச்சு வேகமாக வந்துகொண்டிருந்தது, எனக்கும்தான். நான் இடித்தது எத்தனை, மிதித்தது எத்தனை என்று சொல்ல முடியாது. ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் வடாம் எடுத்துக்கொண்டிருந்தவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தாள். பக்கத்தில் அவள் புருஷனும் வந்து நின்றான்.

"இன்னாக்கா, வீட்ல எதாவது விசேஷமா?" என்று கத்திக் கேட்டாள்.

"ஆமாம்மா, ஏறி வாங்க, ரெண்டு பேருமா!" என்று நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரரே பதில் சொல்லிவிட்டார். அவள் வடாம் தட்டைக் கீழே வைத்துவிட்டு, புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்குவது சுழலுக்கு நடுவே எனக்குத் தெரிந்தது.